முதலில் உட்கார வை

ஒரே மாதத்தில் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டார்கள். மேஸ்திரிகளின் விசில் போயிற்று. கிரேன்காரர்களின் வாக்கிடாக்கி போயிற்று. கைபேசியை வாசல் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்றார்கள். கப்பல் விளிம்பை இரும்புக் கம்பியால் தட்டிக் கீழே இருப்பவனைக் கூப்பிடுகிற பழக்கத்துக்குக்கூடத் தடை வந்தது. பதிலுக்கு, மணல்மேட்டுத் துறைமுகத்தில் வேலை பார்க்கிற ஒவ்வொரு ஆளின் சட்டைக் கழுத்திலும் புளியங்கொட்டை அளவில் ஒரு பொத்தான் ஏறியது. அதற்குத் தூதன் என்று பெயர்.

தூதனிடம் பேசினால் போதும். யாரிடம் சொல்ல வேண்டும், எப்போது, எதன் வழியாக என்பதையெல்லாம் அதுவே முடிவு செய்யும். அவசரமென்றால் கேட்கிறவன் காதுக்குள் குரலாகப் போகும். கொஞ்சம் பொறுக்கலாம் என்றால் மணிக்கட்டுப் பட்டியில் எழுத்தாக ஓடும். இன்னும் பொறுக்கலாம் என்றால் தேநீர்க் கொட்டகைப் பலகையில் இடைவேளைக்கு வந்து நிற்கும். எல்லோரும் உயிரைக் கையில் பிடித்து ஓட வேண்டிய ஆபத்து என்றால் சங்கு ஊதும். வீண் பேச்சு என்றால் வேலை முடிகிறவரை தன் வயிற்றிலேயே வைத்துக்கொள்ளும்.

"ஒருத்தர் வாயைத் திறந்தா பத்துப் பேர் கையை நிறுத்துறாங்க. யாருக்கு எது வேணுமோ அது மட்டும் போனாப் போதாதா?" என்று சென்னையிலிருந்து வந்த பொறியாளர் நிரஞ்சன் முதல் நாள் விளக்கினான்.

"அப்போ நான் தொம்மைய மூதின்னு வஞ்சா அது போவாதா சார்?" என்று கிரேன்காரன் மிக்கேல் கேட்டான்.

"சாயங்காலம் போகும்."

"சாயங்காலம் வஞ்சா அவன் திருந்த மாட்டானே."

கொட்டகையே சிரித்தது. தொம்மையும் சிரித்தான். அவன் கப்பலின் அடியிலுள்ள சரக்குக் கிடங்குக்குள் இறங்குகிற கூட்டத்தில் ஒருவன். மிக்கேலும் அவனும் ஒரே தெரு. ஒருத்தனை ஒருத்தன் வையாத நாள் இருந்தால் இருவருக்கும் சோறு இறங்காது.

மிக்கேலின் மனைவி பெல்சியா மேல்மாடிக் கண்ணாடி அறையில் உட்கார்ந்து தூதன் பிரித்து அனுப்புகிற சேதிகளைச் சரிபார்க்கிறவள். இந்த ஊர்ப் பேச்சு தெரிந்த ஆள் வேண்டும் என்று எடுத்தார்கள். அவளுடைய அப்பா இதே கடற்கரையில் கிடங்குக் கூலியாக இருந்து, நெஞ்சில் நிலக்கரித் தூசி அடைத்துச் செத்தவர். அவளே உப்பளத்தில் மூட்டை தூக்கித்தான் கல்லூரிக்குப் போனாள். குதிகாலில் உப்பு தின்ற வெடிப்பு இன்னும் மூடவில்லை. குளிரூட்டிய அறையில் செருப்பைக் கழற்றினால் அந்த வெடிப்புதான் முதலில் வலிக்கும்.

தூதனுக்குப் பேச்சுப் பழக்கிய நாளை அவள் பின்னால் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தாள். அன்று எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள், அதுதான் வினை.

நிரஞ்சன் கொட்டகையில் ஒரு மைக்கை வைத்து, "ஆபத்து வந்தா எப்படிச் சொல்லுவீங்களோ, அப்படியே சொல்லிக் காட்டுங்க. மெஷின் கேட்டுக் கத்துக்கும்" என்றான்.

முதலில் யாரும் வரவில்லை. பிறகு மிக்கேல் போய் நின்று, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "எய்யா! சங்கிலி அறுந்துட்டே! ஓடுங்கலே, ஓடுங்க!" என்று கூரை அதிர அலறினான். அடுத்து தொம்மை. கோயில் திருநாள் நாடகத்தில் வருசா வருசம் போர்ச்சேவகன் வேசம் கட்டுகிறவன் அவன். தரையில் விழுந்து புரண்டு, "தீ! தீ! என்னப் பெத்த தாயே!" என்று கத்தி, கண்ணைச் செருகிக்கொண்டு செத்துப்போனான். கொட்டகைக்கு வெளியே நின்ற லாரிக்காரர்கள்கூட எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள்.

"சூப்பர்! இதுதான் வேணும்" என்றான் நிரஞ்சன்.

அவர்கள் யாரும் வேலையில் அப்படிக் கத்துகிறவர்கள் அல்ல. கிடங்குக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. இரும்பு ஏணியில் ஆள் நிற்கும்போது மேலே இருந்து யாராவது அலறினால் அவனுக்குக் கை வெலவெலத்துப் பிடி நழுவிவிடும். அதனால் ஆபத்து எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்குக் குரலை இறக்குவார்கள். தொட்டிலில் கிடக்கிற பிள்ளையிடம் பேசுவதுபோலப் பேசுவார்கள். அதற்குப் பையப்பேச்சு என்று பெயர். மற்ற நேரமெல்லாம் தொண்டை கிழியக் கத்தி வசைபாடுகிறவன் திடீரென்று குழைந்து பேசினான் என்றால், கேட்கிறவனுக்கு ஆபத்து புரிந்துவிடும். மறுபேச்சில்லாமல் மேலே ஏறிவிடுவான்.

ஆனால் நாலு பேர் பார்க்க, ஒரு அதிகாரி முன்னால், மைக்கைப் பிடித்துக்கொண்டு குழைந்து பேச யாருக்கும் வெட்கமாக இருந்தது. கிடங்கு வாயில் நின்று கீழே இருப்பவர்களைக் கவனிக்கிற சூசை வயசாளி. அவருடைய முறை வந்தபோது அவரும் சுற்றிலும் பார்த்துவிட்டு, ஒரு இருமல் இருமிவிட்டு, "ஐயோ!" என்று கத்திவிட்டுப் போனார்.

பெல்சியாவுக்கு அந்த வழக்கம் தெரியும். அப்பா சொல்லியிருக்கிறார். இருந்தும் அன்று அவள் புருசனின் கூத்தைப் பார்த்துக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரித்துக்கொண்டே ஒவ்வொரு பதிவுக்கும் 'சரி' என்று குறி போட்டாள்.

தூதன் நன்றாகக் கற்றுக்கொண்டது. கத்தினால் ஆபத்து, குழைந்தால் குசலம்.

இதன்பிறகு நடந்த இன்னொரு காரியத்தையும் சொல்லிவிட வேண்டும். பெல்ட்டில் சரக்குத் தள்ளிவிடுகிற வள்ளியம்மைக்கு வேலை நேரத்தில் மணிக்கட்டில் ஒரு எழுத்து ஓடியது. மகன் பைக் விபத்தில் இறந்த சேதி. அது அவளிடம் போய்ச் சேர வேண்டிய சேதிதான், சரியான ஆளுக்குத்தான் போயிற்று. படித்துக்கொண்டே அவள் கால் வைத்த இடம் பெல்ட்டின் உருளை. ஒரு கால் முழங்காலோடு போயிற்று.

அந்த வாரம் பெல்சியா சாப்பிடாமல் உட்கார்ந்து ஒரு விதி எழுதினாள். சாவுச் சேதி எந்தப் பட்டியிலும் பலகையிலும் போகக் கூடாது, காதுக்குள்ளும் போகக் கூடாது. அந்த ஆள் இந்தத் துறைமுகத்தில் யாரை அதிகம் நம்புகிறாரோ அவர் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். யார் குரலைக் கேட்டால் யாருடைய குரல் தளர்கிறது என்பது தூதனுக்குத் தெரியும், அதுவே ஆளைத் தேர்ந்தெடுக்கட்டும். போகிறவர் முதலில் உட்கார வைக்க வேண்டும். கையில் தண்ணீர் கொடுக்க வேண்டும். பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். அதுவரைக்கும் வேறு எந்த வழியிலும் அந்த ஆளுக்கு ஒரு துளி கசியக் கூடாது. வருகிற சேதி எல்லாவற்றையும் தூதன் நிறுத்தி வைக்க வேண்டும்.

நிரஞ்சன் அதை இரண்டு தடவை படித்தான். "இத எங்களால யோசிக்க முடியாது மேடம்" என்றான். தலைமை அலுவலகம் அதை மற்ற துறைமுகங்களுக்கும் அனுப்பியது. 'பெல்சியா விதி' என்றே அதற்குப் பெயர் வந்தது. அந்தப் பெருமையைத் தலையில் தூக்கிக்கொண்டு திரியாதே என்று மிக்கேல் கேலி செய்தான். அவனுக்குத்தான் அதிகப் பெருமை.

அன்றைக்குக் காலையில் வழக்கம்போலப் பெல்சியாவின் ஸ்கூட்டரில் பின்னால் பிரகாசி உட்கார்ந்து வந்தாள். பிரகாசி தொம்மையின் மனைவி. எடைமேடையில் லாரிகளை நிறுத்தி எடை போடுகிற வேலை. தொம்மையை அண்ணன் என்று கூப்பிடுவதால் பெல்சியா அவளை மைனி, அதாவது அண்ணி, என்பாள்.

"ஏட்டி, உங்க அண்ணன் என்ன செஞ்சிருக்காவ தெரியுமா? கட்டில் வாங்கிட்டு வாங்கன்னு அனுப்புனா, ஆடு வாங்கிட்டு வந்து நிக்காவ."

"ஆடா?"

"கேட்டா, கட்டில் குட்டி போடுமான்னு கேக்காவ. நான் கீழ படுத்து இடுப்பு செத்துப் போவுது, இவுகளுக்கு எகத்தாளம்."

"நீ ஏன் மைனி ஆட்ட வித்துரக் கூடாது?"

"விக்கவா? ராத்திரி அது பக்கத்துல உக்காந்து தடவிக் குடுத்துக்கிட்டுல்லா இருந்தாவ. எனக்கே பொறாமையா இருந்துச்சு, சீ."

இருவரும் சிரித்த சிரிப்பில் வண்டி ஆடியது.

துறையில் மரக்கட்டிக் கப்பல் நின்றது. நிலக்கரியை விட்டுவிட்டு மின் நிலையங்கள் இப்போது மரத்தூளை அழுத்திச் செய்த கட்டிகளைத்தான் எரிக்கின்றன. பார்க்க மாட்டுத் தீவனம் மாதிரி இருக்கும், அதனால் கூலிக்காரர்கள் அதைத் தீவனம் என்பார்கள். சாதுவான சரக்கு. நெருப்பில்லை, நாற்றமில்லை. ஆனால் மூடிய கிடங்கில் நாள் கணக்கில் கிடந்தால் அது அங்குள்ள காற்றைக் குடித்துவிட்டு, மணமில்லாத விஷத்தைக் கக்கி வைக்கும். மேலே தொங்கவிட்ட கருவி நல்ல காற்று என்று காட்டும். மூலையில், அடியில், வேறு மாதிரி இருக்கும்.

நடுப்பகலுக்கு முன்னால் பெல்சியாவின் திரையில் வழக்கமான சாம்பல் நிறச் சேதிகள் ஓடிக்கொண்டிருந்தன. சாம்பல் நிறம் என்றால் அவசரமில்லை. மதியச் சாப்பாட்டுக்கு நெத்திலி உண்டா என்று ஒருத்தன். மாமியார் வந்திருக்கிறாள், ஓவர்டைம் கிடைக்குமா என்று ஒருத்தன். அவற்றுக்கு நடுவே சூசை பேசிய இரண்டு வரிகள் கிடந்தன. ஒன்றின் எதிரே 'சாதாரணம், மணிக்கட்டுப் பட்டி' என்றிருந்தது. இன்னொன்றின் எதிரே 'நலம் விசாரிப்பு, தேநீர் இடைவேளை.'

சூசை யாரையும் நலம் விசாரிக்கிற ஆள் இல்லை. அவள் அதைத் தட்டிக் கேட்டாள்.

"தொம்ம... ஏன் மக்கா உக்காந்துட்ட? பைய எந்திரி. பைய ஏணியப் புடிச்சு ஏறி வா. ஒண்ணுமில்ல, காத்து கொஞ்சம் சரியில்ல, அவ்வளவுதான்."

அடுத்தது: "தொம்ம... என் ராசால்லா. என்னப் பாரு. இங்கன பாரு மக்கா."

தாலாட்டுப்போல இருந்தது. அது பையப்பேச்சு. தொம்மையின் மணிக்கட்டுப் பட்டி கையுறைக்குள் இருக்கும். அந்த எழுத்து அங்கே இருட்டில் ஓடி முடிந்திருக்கும்.

சாம்பலைச் சிவப்பாக்கினாள். தடம் என்ற இடத்தில் சங்கு என்று அழுத்தினாள். துறைமுகம் முழுக்கச் சங்கு அலறியது. அவள் பொத்தானை அழுத்தித் தன் வாயாலேயே கத்தினாள், "மூணாங் கிடங்கு! காத்து இல்ல! யாரும் எறங்காதீங்க, யாரும் எறங்காதீங்க!"

தூதன் அதைக் கேட்டுக்கொண்டது. கிடங்குக் கூட்டத்தாரின் காதுகளுக்கு மட்டும் உடனே அனுப்பியது. மற்றவர்களுக்கு அது தேவையில்லை.

நிரஞ்சன் நாற்காலியைத் தள்ளிவிட்டுப் படியிறங்கி ஓடினான். கண்ணாடி வழியாகப் பார்த்தால் தூரத்தில் ஆட்கள் ஓடுவது தெரிந்தது. சங்கு ஊதினால் வெளியே ஓட வேண்டும் என்பது விதி. அவர்கள் எல்லோரும் கப்பலைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தார்கள். கிரேன் அசையாமல் நின்றது. நல்லதுதான், மிக்கேல் நிறுத்திவிட்டான் என்று நினைத்துக்கொண்டாள். அதன் கூண்டில் ஆள் இருக்கிறானா இல்லையா என்பது அங்கிருந்து தெரியாது.

அவள் செருப்பில்லாமல் நின்றுகொண்டே இருந்தாள். வெகுநேரம் திரையில் ஒன்றும் வரவில்லை. அதுவும் நல்லதுக்குத்தான் என்று இருந்தது.

நிரஞ்சன் திரும்பி வந்தபோது கதவைத் திறந்துகொண்டு உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான். சட்டையெல்லாம் மரத்தூள். அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் காதுக்குள் தூதன் பேசியது. அவசரமில்லாத, நல்ல பெண் குரல். அந்தக் குரலைத் தேர்ந்தெடுக்கும்போது இதில்தான் திருநெல்வேலிச் சாயல் இருக்கிறது என்று சொன்னவளே அவள்தான்.

"பெல்சியா, நேரில் சொல்ல வேண்டிய சேதி ஒன்று. கிடங்கு விபத்தில் தொம்மை இறந்துவிட்டார். எடைமேடையில் இருக்கிற அவர் மனைவி பிரகாசிக்கு இன்னும் தெரியாது. இந்தத் துறைமுகத்தில் அவர் அதிகம் நம்புகிற குரல் உங்களுடையது. நேரில் போய்ச் சொல்லுங்கள். முதலில் உட்கார வையுங்கள். தண்ணீர் கொண்டு போங்கள்."

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அழுகை வந்தது. இப்போது அழக்கூடாது என்று விழுங்கினாள்.

"வேற யாருக்கும் ஏதும் இருக்கா சார்?"

நிரஞ்சன் அவளைப் பார்க்கவில்லை. மேசைமேல் கிடந்த அவளுடைய தண்ணீர்ப் பாட்டிலைப் பார்த்தான். அதை எடுத்து அவள் கையில் கொடுத்தான்.

"நீங்க அவங்ககிட்ட போங்க மேடம்."

"எம்மா, நான் எப்படிச் சொல்லுவேன் சார்? காலைலகூட ஆட்டப் பத்திப் பேசிச் சிரிச்சுக்கிட்டு வந்தா."

"எனக்கும் தெரியல" என்றான் அவன். "விதி நீங்க எழுதினதுதானே. அதுல என்ன இருக்கோ அப்படியே... அதவிட நல்லதா என்னால எதையும் யோசிக்க முடியல."

"அவுகளையும் கூட்டிட்டுப் போறேன். தொம்மை அண்ணன்னா அவுகளுக்கு உசிரு. ரெண்டு பேரும் இருந்தா மைனியத் தாங்கிப் புடிச்சுக்கிடலாம்." பொத்தானை அழுத்தினாள். "மிக்கேலுக்கு. எடைமேடைக்கு வாங்க, உடனே."

"மிக்கேல் வேலையில் இருக்கிறார். பிறகு தெரிவிக்கிறேன்" என்றது தூதன்.

"இந்த நேரத்துல என்ன வேல?"

"தனியாவே போங்க" என்றான் நிரஞ்சன். அவன் வழியை விட்டு ஒதுங்கி நின்றான். அவள் படியிறங்கும்போது, அவன் உள்ளே போய் நாற்காலியில் உட்காராமல் சுவரில் நெற்றியை வைத்து நிற்பதைக் கண்ணாடியில் கண்டாள். படித்த பையன், சாவைப் பார்த்திருக்க மாட்டான் என்று பாவமாக இருந்தது.

அலுவலகக் கட்டடத்திலிருந்து எடைமேடைக்குப் போகிற பாதை நேராக வெயிலில் கிடந்தது. இரண்டு பக்கமும் காலிக் கொள்கலன்கள். பெல்சியா என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு நடந்தாள். மைனி, அண்ணனுக்குக் கொஞ்சம் முடியல. வேண்டாம், அது பொய். ஆஸ்பத்திரி வரைக்கும் அவளை நம்பவைத்துக் கூட்டிப்போவது பாவம். மைனி, அண்ணன் போயிட்டாவ. நேராக அப்படிச் சொன்னால்? பிரகாசிக்கு ரத்த அழுத்தம். போன கோடையில் மேடையில் நின்றபடியே மயங்கிச் சரிந்தவள். உட்கார வைக்க வேண்டும். அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கும், அதில் உட்கார வைத்து, கையைப் பிடித்துக்கொண்டு, பையச் சொல்ல வேண்டும். அப்பா சொல்லிக்கொடுத்த மாதிரி. அவள் குரல் குழைந்த உடனேயே மைனிக்குத் தெரிந்துவிடும். அவளும் கிடங்குக்காரன் பெண்டாட்டிதானே.

எதிரே வந்த கூலிக்காரர்கள் அவளைக் கண்டதும் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். ஒருத்தன் ஏதோ சொல்ல வந்தான். அவன் கழுத்துப் பொத்தான் மினுங்கிற்று. காதில் என்ன கேட்டானோ, வாயை மூடிக்கொண்டு கொள்கலன்களுக்குப் பின்னால் போய்விட்டான். இவர்களுக்கெல்லாம் தொம்மை சேதி தெரிந்துவிட்டது என்று அவள் எண்ணினாள். பிரகாசிக்கு முன்னால் ஊருக்கே தெரிந்துவிடுகிறதே என்று காலை எட்டிப் போட்டாள்.

அவள் காது அமைதியாக இருந்தது. மற்ற நாளில் இந்தத் தூரம் நடப்பதற்குள் ஏதாவது நாலு வந்து விழும். அறையிலிருந்து ஒரு சந்தேகம், கொட்டகையிலிருந்து ஒரு குறை, மிக்கேல் சும்மா கூப்பிட்டு மூச்சுவிடுகிற சத்தம். தூதன் அதை வீண்பேச்சு என்று தள்ளாமல் எப்படியோ அனுப்பிவிடும், பேச்சே இல்லாததால் இருக்கலாம். இன்று ஒன்றுமில்லை. இன்றைக்காவது இதற்கு இங்கிதம் தெரிந்திருக்கிறதே என்று நினைத்தாள்.

எடைமேடைக்கு இன்னும் பாதித் தூரம் இருந்தது. லாரிகள் வரிசையாக நின்று ஹாரன் அடித்தன. மேடையில் ஆள் இல்லை என்று அப்போதுதான் கவனித்தாள். பிரகாசி மேடையை விட்டு இறங்க மாட்டாள். கக்கூசுக்குப் போவதென்றால்கூட மாற்று ஆள் வந்து நின்றால்தான் போவாள். யாரோ முந்திக்கொண்டு சொல்லிவிட்டார்களோ?

பிறகு அவளைக் கண்டாள். பிரகாசி பாதையின் நடுவில் இவளைப் பார்த்து வந்துகொண்டிருந்தாள். மெதுவாக வந்தாள். புருசன் செத்த சேதி கேட்ட பெண் வருகிற வரத்து இல்லை அது. அவள் முகம் அழவில்லை. ஆனால் அந்த முகத்தில் ஏதோ அடுக்கி வைத்த மாதிரி இருந்தது. கண்ணும் வாயும் அதனதன் இடத்தில் நிற்கும்படி இழுத்துப் பிடித்திருந்தாள். பெல்சியாவுக்கு அந்த முகம் தெரியும். படியிறங்கும்போது கண்ணாடியில் அதையேதான் தன் முகமாகப் பார்த்தாள்.

பிரகாசியின் ஒரு கையில் தண்ணீர்ப் பாட்டில் இருந்தது. இன்னொரு கையால் மேடையிலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தாள். அதன் கால்கள் தார்ச்சாலையில் உராய்ந்து கரகரவென்று சத்தம் போட்டன.

நாற்காலி யாருக்கு?

பெல்சியா நின்றுவிட்டாள்.

மூணாங் கிடங்குக்கு நேர் மேலேதான் கிரேன் கூண்டு. அங்கிருந்து குனிந்தால் அடித்தளம் வரை தெரியும். சங்கு ஊதினால் மிக்கேல் குனிந்து பார்த்திருப்பான். கீழே தொம்மை கிடப்பதைப் பார்த்திருப்பான். யாரும் எறங்காதீங்க என்று அவள் கத்தியது கிடங்குக் கூட்டத்துக்கு மட்டுமே போனது. அவன் கிரேன்காரன். அவனுக்குச் சங்கு மட்டும்தான் கேட்டிருக்கும்; தொம்மையைத் தூக்க இறங்கியிருப்பான். சங்கை அழுத்தியது அவள்.

பிரகாசி அருகில் வந்து, நாற்காலியை அவளுக்கு முன்னால் நிமிர்த்தி வைத்தாள். சேலைத் தலைப்பால் அதன் தூசியைத் துடைத்தாள். பிறகு, பெல்சியா வாழ்நாளில் அவளிடமிருந்து கேட்டிராத குரலில், குழைந்து, பிள்ளையிடம் பேசுவதுபோலச் சொன்னாள்:

"பெல்சி... என் கண்ணுல்லா. இதுல பைய உக்காரு. ஒண்ணுமில்லட்டி."

"நீ உக்காரு மைனி" என்றாள் பெல்சியா. அவளுக்கும் அதே குரல்தான் வந்தது.

பிரகாசி அந்தக் குரலைக் கேட்டாள். அவள் பார்வை பெல்சியாவின் முகத்திலிருந்து இறங்கி, அவள் கையிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலுக்கு வந்தது. தன் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தாள். மறுபடியும் இவள் கையைப் பார்த்தாள்.

"ஏட்டி" என்றாள். "நீ எதுக்குட்டி தண்ணி கொண்டாந்த?"

பெல்சியா பாட்டிலை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

இழுத்துப் பிடித்திருந்த முகம் மெல்ல மெல்லக் கழன்றது. பிரகாசி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். அது வழுக்கிற்று. பெல்சியா ஓடிப்போய் அவளைத் தாங்கப் போனாள், அவளும் இவளைத் தாங்கக் கை நீட்டினாள். இருவரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சுடுகிற தாரில் சரிந்து உட்கார்ந்தார்கள். ஒரு பாட்டில் உருண்டு லாரிச் சக்கரத்தடியில் போய் நின்றது. நாற்காலி காலியாக நின்றது.

லாரிக்காரர்கள் இன்னும் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் நின்றவன் எட்டிப் பார்த்தான். எஞ்சினை அணைத்தான். அவனுக்குப் பின்னால் இருந்தவன் அணைத்தான். வரிசை கடைசிவரைக்கும் ஒவ்வொன்றாக அணைந்தது. அவர்களிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

பிரகாசி இவள் தலையைத் தன் நெஞ்சில் அழுத்திப் பிடித்திருந்தாள். அவள் வாயிலிருந்து வந்தது பேச்சில்லை. பெல்சியாவாலும் பேச முடியவில்லை. மேல்மாடி அறையில், யாரும் உட்காராத மேசைத் திரையில், இரண்டு சாவுச் சேதிகள் சாம்பல் நிறத்திலேயே நின்றன. இரண்டின் எதிரிலும் 'இன்னும் சேரவில்லை' என்றிருந்தது. வார்த்தையாக வாய்விட்டுச் சொன்னால்தான் தூதன் கணக்கில் சேதி சேர்ந்ததாக அர்த்தம்.

அதனால் அது சிறிது நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, இருவர் காதுக்குள்ளும் ஒரே நேரத்தில், திருநெல்வேலிச் சாயலோடு, பையக் கேட்டது.

"நீங்கள் இன்னும் சொல்லவில்லை. நினைவூட்டவா?"